எரிமலைக்கு இந்தப் பக்கம்

ஊரின் பொழுதுபோக்குப் பார்க்கில் வேலைக்குச் சேர வேண்டுமானால் நேர்காணலில் தேற வேண்டும். நேர்காணலுக்கு அழைக்கப்பட வேண்டுமானால் பார்க்கே நடத்தும் நேர்காணல் ஆயத்தப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். பயிற்சியில் சேர்வதற்கு ஒரு சின்ன நேர்காணல் உண்டு. அந்தச் சின்ன நேர்காணலுக்கு எப்படித் தயாராவது என்று மாப்பிள்ளை வாசல் காவலாளியிடம் கேட்டான். “துவைச்ச சட்டை போட்டுட்டு வாங்க, போதும்” என்றான் காவலாளி. அந்த நிறுவனத்தில் மாப்பிள்ளைக்குக் கிடைத்த முதலும் கடைசியுமான நேர்ப்பதில் அது.

மாப்பிள்ளைக்கு வேறு பெயர் இருந்தது. மாமனார் வீட்டு மாடிக்குக் குடிவந்த பிறகு அது வழக்கொழிந்துவிட்டது. தபால்காரர்கூட மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார். அதற்கு முன்னால் அவன் செருப்புக் கடையில் விற்பனையாளன். வந்தவரை உட்காரவைத்து, தான் தரையில் குந்தி, காலைப் பிடித்து, கடிக்கிற செருப்பையும் கடிக்கவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து அனுப்பும் நல்ல விற்பனையாளன். முதலாளியின் பிள்ளைகள் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது, ஒருவனுக்கு இடது கால், ஒருவனுக்கு வலது கால் என்று பிரிக்காத குறையாகக் கடையை நடுவில் சுவர் வைத்து அறுத்தார்கள். இரண்டு பாதியும் படுத்துவிட்டன. “கொஞ்ச நாளைக்கு” என்று சொல்லிக்கொண்டு மாப்பிள்ளை மனைவியோடும் மகளோடும் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

மாமனார் வெங்காய மண்டிக்காரர். கடவுளே நேரில் வந்து வரம் தருகிறேன் என்றாலும், “அந்தப் பக்கம் ஒருத்தர் இன்னும் ரெண்டு சேர்த்துத் தர்றேன்னாரே” என்று ஆரம்பிக்கக்கூடியவர். மாப்பிள்ளை வந்த புதிதில் “வாங்க மாப்ள, உக்காருங்க” என்றார். பிறகு அது “வா மாப்ள” ஆயிற்று. பிறகு “மாப்ள, அந்த மூட்டைய நகத்து” ஆயிற்று. இப்போது அவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே தன் மகளைப் பார்த்து, “அவன் சாப்பிட்டானா?” என்று கேட்கிறார். தேங்கிய சரக்குக்கு என்ன விலை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

மாடி அறையில் பாதி அவர்களுக்கு, பாதி வெங்காயத்துக்கு. வெங்காயம் முளைத்துவிட்டதா என்று பார்க்க மாமனார் எந்த நேரத்திலும் கதவைத் தட்டாமல் உள்ளே வருவார். மூட்டை ஒவ்வொன்றாக முகர்ந்துபார்ப்பார். மகளும் மாப்பிள்ளையும் என்ன நிலைமையில் இருக்கிறார்கள் என்பது அவர் கவனத்துக்கு வராது. வியாபாரத்தில் அத்தனை ஈடுபாடு.

“எனக்கு மாளிகை வேணாங்க” என்பாள் மனைவி. “ஒரே ஒரு ரூம். கதவச் சாத்தினா சாத்தினதா இருக்கணும். அவ்வளவுதான்.”

மாப்பிள்ளை தெருத்தெருவாக வாடகைக்கு வீடு கேட்டான். வீட்டுக்காரர்கள் எல்லாரும் முதலில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “எங்க வேலை பாக்கறீங்க?”

“தேடிட்டிருக்கேன்.”

“நாங்களும் நல்ல குடித்தனமாத்தான் தேடிட்டிருக்கோம்” என்று கதவைச் சாத்தினார்கள்.

ஆகவே வேலை வேண்டும். ஊரில் ஆள் எடுத்துக்கொண்டிருந்த ஒரே இடம் பார்க். காலியாக இருந்த பதவியின் பெயர் ‘வரிசை நண்பர்’. அங்கே வேலைக்காரர் என்று யாரும் கிடையாது, எல்லாரும் நண்பர்கள். பெருக்குபவர் தூய்மை நண்பர். குடித்துவிட்டு வருபவனைப் பிடித்து வெளியே தள்ளுபவர் வழியனுப்பும் நண்பர். சம்பள உயர்வு கேட்டவர்கள் முன்னாள் நண்பர்கள்.

பயிற்சியின் முதல் நாள் இருபது முப்பது பேரை ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். நின்றார்கள். வெயில் ஏறியது, இறங்கியது. மாலையில் கதவைத் திறந்துகொண்டு பயிற்சி அதிகாரி வந்தார். கோட்டுப் பையில், பார்க்கின் பேர்பெற்ற சவாரியான எரிமலையின் படம் போட்ட வில்லை. உதடு மட்டும் சிரித்தபடி இருக்கும், கண் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாது.

“வாழ்த்துகள், நண்பர்களே! முதல் பாடம் முடிஞ்சது” என்றார்.

இரண்டாம் பாடத்தில் அவர் கேட்டார்: “நாம இங்க என்ன விக்கிறோம்?”

“டிக்கெட்டு” என்றார் மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்றவர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

“சந்தோஷம்” என்றான் மாப்பிள்ளை, யோசித்து.

“தப்பு. சந்தோஷம் நாலு நிமிஷத்துல தீர்ந்துபோகும். அதுக்கு மெஷின் வேணும், கரண்ட் வேணும், எண்ணெய் போடணும். நாம விக்கிறது எதிர்பார்ப்பு. அதுக்கு ஒரு கயிறு போதும்.” அதிகாரி பக்கத்தில் கட்டியிருந்த வரிசைக் கயிற்றை ஒரு முறை தடவிக்கொடுத்தார். “நம்ம எரிமலைக்கு முன்னால தினமும் ஆயிரக்கணக்கான ஜனம் நிக்குது. ஏன் நேர்வரிசை வைக்காம வளைச்சு வளைச்சு வெச்சிருக்கோம்? நேர்வரிசையில மனுஷன் முன்னால நிக்கிறவன் முதுகத்தான் பாப்பான். பொறாமை வரும். வளைஞ்சு திரும்பும்போது, பின்னால நிக்கிறவன் மூஞ்சியப் பாப்பான். ஆஹா, இவன் நம்மவிட மோசம்னு ஒரு நிம்மதி வரும். ஒரு மணி நேரத்துல ஒருத்தனுக்கு இத்தனை தடவை நிம்மதி குடுக்கற இடம் உலகத்துல வேற எது?”

எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டுவது இரண்டாம் பாடத்தின் ஒரு பகுதி.

பிறகு சொற்பயிற்சி. ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று யாராவது கேட்டால் நேரத்தைச் சொல்லக் கூடாது. ‘நீங்க எவ்வளவோ தூரம் வந்துட்டீங்க’ என்று சொல்ல வேண்டும். ‘கழிப்பறை எங்கே?’ என்றால், ‘போய்ட்டு வந்தா இடம் இருக்குமான்னு யோசிச்சுக்கோங்க’ என்று அன்பாகச் சொல்ல வேண்டும். குழந்தை அழுதால், ‘எரிமலைக்கு அழற குழந்தைன்னா ரொம்பப் பிடிக்கும்’ என்று சொல்ல வேண்டும். அழுகை நிற்குமா என்று மாப்பிள்ளை கேட்டான். “நிக்காது. ஆனா அம்மாவும் அப்பாவும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிப்பாங்க. அதுல கொஞ்ச நேரம் போகும்.”

செய்முறைப் பயிற்சியில் கண்டக்டர்தான் முதலில் கழன்றார். பயிற்சிக்காக ஒரு சின்ன வரிசையைக் கொடுத்து, அதை மதியம்வரை காத்துவரச் சொன்னார்கள். ஆயுள் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகிய வாய். “உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க, உள்ள எடம் இருக்கு பாருங்க!” அவர் கைச் சொடுக்குக்கு வரிசை முழுவதும் சரசரவென்று நகர்ந்து தீர்ந்தே போய்விட்டது. வெறும் கயிறுகள் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்த அதிகாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, உங்களை வேலைக்கு வெச்சா ஒரே நாள்ல பார்க்கைக் காலி பண்ணிடுவீங்க!”

“ஜனங்க போகத்தானே சார் வந்தாங்க?” என்றார் கண்டக்டர்.

“நிக்க வந்தாங்க!”

கண்டக்டர் முன்னாள் நண்பர் ஆனார்.

அடுத்து மாப்பிள்ளையின் முறை. வரிசையின் நடுவில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் கண் முதலில் காலுக்குத்தான் போகும். வலது செருப்பில் வார் அறுந்திருந்தது. கை தன்னால் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டது. “உக்காருங்கம்மா” என்று வாய் சொன்னது.

அதிகாரி ஓடிவந்தார். “என்ன காரியம் பண்றீங்க? உக்கார வெச்சா யோசிப்பாங்க! நிக்கிறவன் காலையே நினைச்சிட்டிருப்பான். உக்காந்தவன், நாம எதுக்கு வந்தோம், என்னத்துக்கு நிக்கிறோம்னு நினைக்க ஆரம்பிப்பான். ஒரு வரிசையில ஒருத்தன் யோசிச்சா போதும், அது அப்படியே பரவும். போன வருஷம் ஒருத்தர் மடிக்கிற நாற்காலி கொண்டுவந்துட்டாரு. அன்னிக்கு மட்டும் எழுபது பேர் திரும்பிப் போனாங்க!”

மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டான். பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் மாப்பிள்ளையை முறைத்தாள். ஒரு நிமிடம் உட்காரவைத்துப் பிறகு எழுப்பிவிடுபவன்மேல் வரும் கோபம், கடைசிவரை உட்காரவைக்காதவன்மேல் வருவதில்லை. அந்த நுணுக்கத்தை அவன் அன்றுதான் கற்றுக்கொண்டான்.

கத்தல் பதிவு ஒரு தனி வகுப்பு. எரிமலைக்குள்ளிருந்து வரிசைக்குக் கேட்கும் மகிழ்ச்சிக் கூச்சல்களுக்காக, பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு தடவை கத்திக்கொடுக்க வேண்டும். ‘உள்ளே போனவங்கதான் கத்துவாங்களே, நாம எதுக்கு?’ என்று அப்போதே யாராவது கேட்டிருக்கலாம். கேட்டவர்கள் தேறமாட்டார்கள் என்பதால் ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை கண்ணை மூடி, மகிழ்ச்சியான ஒன்றை நினைக்க முயன்றான். வெங்காய மூட்டைதான் வந்தது. கத்தினான்.

ஒலிப்பதிவாளர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார். “சார், இது பேய் வீட்டுக்குத்தான் ஆகும்.”

“பரவால்ல, அங்க போட்டுக்கோ” என்றார் அதிகாரி. “எதையும் வீணாக்கக் கூடாது.”

வார இறுதிக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்: சொந்தக் குடும்பத்தை ஏதாவது ஒன்றுக்காக வரிசையில் நிற்கவைத்து, அவர்கள் முகம் மலரும்வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை இரவெல்லாம் யோசித்துவிட்டு, காலையில் குளியலறைக்கு முன்னால் ஒரு நாற்காலியையும் துடைப்பத்தையும் வைத்து வளைவு அமைத்தான். முதலில் மாமனாரே வந்தார். தோளில் துண்டு, கையில் வேப்பங்குச்சி.

“என்ன மாப்ள இது?”

“இந்தப் பக்கமா சுத்தி வாங்க மாமா.”

“கதவு இங்கதானடா இருக்கு?”

“நீங்க எவ்வளவோ தூரம் வந்துட்டீங்க மாமா.”

மாமனார் துடைப்பத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கடைசியாக மகளைப் பார்த்தார். “ஏம்மா, நான் கட்டின பாத்ரூமுக்கு நான் கியூவுல நிக்கணுமா? இவனுக்கு என்ன ஆச்சு?”

“வேலைக்கு ஆயத்தமாகறாருப்பா” என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“வேலைக்கா? இதுக்கா? சும்மா நிக்கிறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?” துடைப்பத்தைக் காலால் எத்திவிட்டு உள்ளே போனார். உள்ளே தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே அவர் தொடர்ந்து பேசியது கேட்டது. அதில் பாதி மாப்பிள்ளையைப் பற்றி, பாதி அவனைப் பெற்றவர்களைப் பற்றி.

மாடிக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “உண்மையிலேயே இந்த வேலை கெடைக்குமாங்க?”

“கெடைச்சா தனி வீடு. கெடைக்கலைன்னா...” என்று மாப்பிள்ளை மூட்டைகளைப் பார்த்தான்.

“அப்பா, எரிமலையில நெருப்பு வருமா?” என்று கேட்டாள் மகள். அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார்பவள் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள் என்று போன வாரம் அழுதவள். அப்பாவுக்கு எரிமலையில் வேலை என்றதும் மூக்கைப் பொத்தியவளே சிநேகமாகிவிட்டாள்.

“வரும்டா” என்றான் மாப்பிள்ளை. அவனும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

நேர்காணல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறன்று கூட்டம் அதிகம் என்பதால் செய்முறைத் தேர்வும் அன்றே. நேர்காணல் அறையில் பயிற்சி அதிகாரியும் பொது மேலாளரும் இருந்தார்கள். பொது மேலாளர் பெரிய உடம்பு, சின்னக் குரல். நாற்காலியைக் காட்டினார், மாப்பிள்ளை உட்காரவில்லை. அதிகாரி பெருமையோடு தலையசைத்தார்.

“நம்ம எரிமலைய நீங்க உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா?” என்று மேலாளர் கேட்டார்.

“இல்லீங்க சார்.”

“வாங்க, காட்டறேன்.”

வரிசையின் கடைசி வளைவுக்கு அப்பால் ஒரு கறுப்புக் கதவு. கதவுக்கு மேலே புகை. உள்ளே இருட்டான ஒரு நடைபாதை, சிவப்பு விளக்கு, எங்கிருந்தோ அடிக்கும் அனல், ஒலிபெருக்கியில் கூடப் பயிற்சி பெற்றவர்கள் கத்திய கத்தல். இருபது அடி நடந்தார்கள். நடைபாதை ஒரு கடைக்குள் போய் முடிந்தது. ‘நான் எரிமலையை வென்றவன்’ என்று எழுதிய சட்டைகள் எல்லா அளவிலும் தொங்கின.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். “எரிமலை எங்க சார்?”

“இதுதான்.”

“அனலடிச்சுதே?”

“பின்னால நம்ம பேக்கரி. அடுப்புச் சூடு வீணாப் போகக் கூடாதேன்னு ஒரு குழாய் வெச்சோம்.” மேலாளர் ஒரு சட்டையைச் சரியாக மடித்துவைத்தார். “தம்பி, முன்ன எரிமலை இருந்துச்சு. கப்பல்ல வந்துச்சு. ஓட்டினா எண்ணெய், கரண்ட், ஆளு. தினம் யாராவது வாந்தி எடுப்பாங்க, மாசம் யாராவது கேஸ் போடுவாங்க. ஒரு நாள் ரிப்பேர். வாசல்ல ஜனம் நிக்குது. போங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. எனக்கு இளகின மனசு. சாயங்காலம் வரைக்கும் நின்னாங்க. சரின்னு இந்த வழியா வெளிய விட்டோம். போனவங்க வெளிய நிக்கிறவங்ககிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? சூப்பர்னாங்க! அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, ஜனங்களுக்கும் சந்தோஷத்துக்கும் குறுக்க நின்னது அந்த மெஷின்தான்னு. எடைக்குப் போட்டுட்டேன்.”

“யாரும் புகார் பண்ணலையா சார்?”

“பொண்டாட்டி பிள்ளையோட அரை நாள் நின்னவன், நான் ஏமாந்துட்டேன்னு வெளிய போய்ச் சொல்லுவானா? நீங்க சொல்லுவீங்களா? அப்படியும் வந்தா, புகாருக்கும் ஒரு வரிசை வெச்சிருக்கோம். இன்னிக்கு வரைக்கும் அந்த வரிசையோட முனைய யாரும் பாக்கல.” அவர் குரல் இன்னும் சின்னதாயிற்று. “இப்ப கேள்வி. கடைசி வளைவுலதான் ஜனங்களுக்குச் சந்தேகம் வரும். அங்க நின்னு, ஒருத்தரும் கழண்டு போகாம பாத்துக்கணும். உங்களால முடியுமா?”

மாப்பிள்ளை வாடகை வீட்டை நினைத்தான். “முடியும் சார்” என்றான்.

கடைசி வளைவில் நிறுத்தினார்கள். மேலாளரும் அதிகாரியும் மாடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நன்றாகவே செய்தான். அழுத குழந்தையைப் பெற்றவர்களைச் சிரிக்கவைத்தான். கழிப்பறை கேட்டவரை யோசிக்கவைத்தான். அப்போது வளைவு திரும்பி மாமனார் வந்தார். அவருக்குப் பின்னால் மனைவி, மகள்.

பயிற்சி பெறுபவர் குடும்பத்துக்குப் பாதிக் கட்டணம் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். பாதி விலைக்கு நெருப்பிலும் இறங்குவார்.

“அப்பா!” மகள் கையாட்டினாள். முகம் வெயிலில் கன்றியிருந்தது. அவன் கண் வழக்கம்போல் காலுக்குப் போனது. குதிகாலில் செருப்பு கடித்து, கொப்புளம் உடைந்து, வாரில் ரத்தம் காய்ந்திருந்தது. ஆனாலும் எம்பி எம்பிக் கறுப்புக் கதவைப் பார்த்தாள். “நெருப்பு சத்தம் கேக்குதுப்பா!”

மாப்பிள்ளை கயிற்றைத் தூக்கினான். “மாமா, இப்படியே வெளிய போயிடுங்க.”

“ஏன்?”

“வெயிலு. பாப்பாவுக்குக் காலு கடிச்சிருக்கு.”

“கடிக்கிறது அப்பவே கடிச்சாச்சு. இத்தனை நேரம் நின்னு வாசல்கிட்ட வந்தப்புறம் போகச் சொல்ற?” மாமனார் கண்ணைச் சுருக்கினார். “எங்க இடத்த யாருக்குத் தள்ளிவிடப் பாக்கற?”

“ஐயோ மாமா, உள்ள ஒண்ணுமே இல்ல!”

மாமனார் சிரித்தார். அந்த வீட்டில் மாப்பிள்ளை பார்த்திராத சிரிப்பு, சந்தைச் சிரிப்பு. “என்கிட்டயேவா? மண்டிக்கு முதல்தரமான சரக்கு வந்து இறங்கினா, வாசல்ல நிக்கிறவன்கிட்ட நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? ‘உள்ள ஒண்ணும் இல்ல, போய்ட்டு நாளைக்கு வா’ம்பேன். நீ எனக்கே பாடம் எடுக்கறியா?”

“என்னவாம்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“உள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்றாராம்.”

“அப்ப என்னமோ இருக்கு!”

வரிசை ஒரு அடி முன்னால் நெருக்கியது. மாப்பிள்ளைக்கு வேலை, வீடு எல்லாம் மறந்துபோயிற்று. மகளின் குதிகால் மட்டும்தான் தெரிந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினான்: “சத்தியமா இல்லீங்க! இருட்டு, சிவப்பு பல்பு, அவ்வளவுதான்! சூடு வர்றது பேக்கரி அடுப்பு! வீட்டுக்குப் போங்க!”

“கதறுறான்யா” என்றார் ஒருவர் பரவசத்தோடு. “வேலை செய்றவனே இப்படிப் பயப்படுறான்னா, உள்ள எப்படி இருக்கும்!”

ராட்டினத்துக்கு நின்றவர்கள் கயிற்றைத் தாண்டி இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். பேய் வீட்டு வரிசை அப்படியே கலைந்து வந்து சேர்ந்துகொண்டது. திரும்பிப் போக நினைத்தவர்களையும் பின்னால் வந்தவர்கள் விடவில்லை.

மனைவி மட்டும் அவன் முகத்தையே பார்த்தாள். “நிஜமாவாங்க?”

அவன் தலையாட்டினான். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். திரும்பிய இடத்தில் வழி இல்லை. ஒரு பக்கம் கயிறு, ஒரு பக்கம் மனிதர்கள். கூட்டம் ஒரே உந்தாக உந்தியது. கறுப்புக் கதவு மூன்று பேரையும் விழுங்கிக்கொண்டது.

மாப்பிள்ளை மறுபக்கத்துக்கு ஓடினான். மாமனார் கடையிலிருந்து வெளியே வந்தார். நெற்றியில் வியர்வை, கையில் ஒரு சட்டைப் பொட்டலம். வாசலில் வேறொரு மண்டிக்காரர் தன் குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“எப்படி அண்ணே?”

மாமனார் ஒரு நொடிதான் தயங்கினார். “பிரமாதம்! புள்ளகுட்டியோட போங்க” என்றார். பிறகு மாப்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை, புதிய சரக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “மாப்ள, நீங்க சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?”

நீங்க என்றார்.

மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் கூப்பிட்டபோதும் நிமிரவில்லை.

மாடத்திலிருந்து மேலாளர் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். “அற்புதம்! ‘இருக்கு, இருக்கு’ன்னு சொல்லித்தான் இத்தனை வருஷமா நிக்க வெச்சோம். ‘இல்ல’ன்னு சொல்லி நிக்க வெச்ச முதல் மனுஷன் நீங்கதான். அப்பக் கண்ணு கலங்கினீங்க பாருங்க, அது எந்தப் பயிற்சியிலயும் வராது! நாளைலேர்ந்து நீங்கதான் இங்க பயிற்சி அதிகாரி.”

பழைய பயிற்சி அதிகாரி கைதட்டினார். உதட்டுச் சிரிப்பு அப்படியே இருந்தது.

அடுத்த நாள் காலை மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கியபோது கீழே இருந்த மண்டிக்கு முன்னால் கூட்டம். கதவு பாதி இறங்கியிருந்தது. மாமனார் மூட்டைகளை வளைத்து வளைத்து அடுக்கி வழி அமைத்திருந்தார். அவனைக் கண்டதும் ஓடிவந்து தோளில் கைபோட்டார்.

“மாப்ள, இத்தனை வருஷமா வெங்காயத்த வெச்சுக்கிட்டு வெங்காயம் வித்திருக்கேன். என்னை மாதிரி முட்டாள் உண்டா? நீங்க பார்க்குக்கெல்லாம் போக வேணாம். வாசல்ல நின்னு நேத்துக் கதறினீங்களே, அதே மாதிரி ‘உள்ள ஒண்ணும் இல்ல’ன்னு கதறுங்க. மத்தத நான் பாத்துக்கறேன். என்ன வேணும், கேளுங்க.”

“பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால உங்க வீடு ஒண்ணு இருக்கில்ல மாமா? அது எங்களுக்கு வேணும்.”

“குடுத்தாச்சு! உங்களுக்கு இல்லாததா?” மாமனார் குரலை இறக்கினார். “ஆனா பாருங்க, ஒருத்தர் குடியிருக்காரு. அவரு காலி பண்ணதும் நீங்கதான். உங்களுக்கு முன்னால ஒரே ஒரு ஆளுதான் மாப்ள.”

அதுவரை படியில் நின்றுகொண்டிருந்த மனைவி கீழே இறங்கி வந்தாள். “ஏங்க, அந்த ஆளு இருக்காரான்னு போய்ப் பாத்துட்டு வரலாம்” என்றாள்.

மூவரும் போனார்கள். மகள் செருப்பில்லாமல் அவன் தோளில் இருந்தாள். பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால், சந்து முனையில் வீடு இருந்தது. சின்ன வீடுதான். படியில் புல் முளைத்திருந்தது. கதவில் துருப்பிடித்த பூட்டு. சாவித்துவாரத்தில் சிலந்தி வலை. பல காலமாக அது கிழிந்ததாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை.

அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மகளை இறக்கிவிட்டு, தெருவோரத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்துப் பூட்டின்மேல் போட்டான்.

மூன்றாவது அடியில் உடைந்தது.

அன்று காலை பார்க்கின் பொது மேலாளர் புதிய பயிற்சி அதிகாரிக்காக வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாராம். நேரம் ஆக ஆக, அவருக்கு மாப்பிள்ளைமேல் இருந்த மதிப்பு கூடிக்கொண்டே போனதாம். “நம்மளையே நிக்க வைக்கறாருய்யா” என்று மத்தியானம்வரை நெகிழ்ந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருந்ததாக, வாசலில் அவரைப் பார்த்த கண்டக்டர் பிற்பாடு சொன்னார்.

பூட்டு உடைந்த செய்தி மண்டிக்கு எட்ட அதிக நேரம் ஆகவில்லை. மாமனார் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கதவு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே பெருக்கும் சத்தமும், பேத்தி எதற்கோ சிரிக்கும் சத்தமும் கேட்டன. மாமனார் கதவைத் தட்டினார். அவர் ஆயுளில் தட்டிய முதல் கதவு அதுவாகத்தான் இருக்கும்.

“யாரு?” என்றது அவர் மகளின் குரல்.

“நான்தாம்மா! கதவத் திற! இது என் வீடு!”

உள்ளே பெருக்குவது நிற்கவில்லை.

“கொஞ்சம் நில்லுங்கப்பா” என்றாள் அவள்.